நாலு எக்கோ, நாலு நட்சத்திரம்: அம்மாவைக் கூட்டிப்போன சேலம் சென்டர்

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஏற்காட்டில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. போன ஆடியிலிருந்து இந்த வைகாசி வரைக்கும் அம்மாவை எக்கோ (இதயத்தை ஒலியால் படம் பிடிக்கிற ஸ்கேன்) எடுக்க ஐந்து தடவை மலையிலிருந்து கீழே இறக்கியிருக்கிறேன். நான்கு தடவை இந்த சென்டருக்கு, ஒரு தடவை வேறு இடத்துக்கு. அந்த ஒரு தடவை பட்ட பாட்டால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு 63 வயது. முப்பது வருஷம் எஸ்டேட்டில் பழம் பறித்தவர். இடது மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்தது. முதலில் கீமோவாக நாலு டோஸ் சிவப்பு மருந்து, அதன் பிறகு 21 நாளைக்கு ஒன்றாக ஒரு வருஷத்துக்கு டிரஸ்டுசுமாப் ஊசி. கேன்சர் டாக்டர் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்: "இந்த ரெண்டு மருந்தும் சில பேருக்கு இதயத் தசையைத் தளர்த்திடும்மா. எல்லாருக்கும் இல்ல. ஆனா முன்னாடியே கண்டுபிடிச்சா சரி பண்ணலாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு எக்கோ, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒண்ணு. ஸ்ட்ரெய்னோட எடுக்கச் சொல்லுங்க."

சேலத்தில் எக்கோ எடுக்காத தெரு கிடையாது. ஆனால் அந்த "ஸ்ட்ரெய்னோட" என்கிற வார்த்தையைப் போனில் சொன்னதும் எதிர்முனை தடுமாறியது. இரண்டு இடத்தில் "ட்ரெட்மில்லில் ஓடவைக்கிறதா?" என்று கேட்டார்கள். அது ஸ்ட்ரெஸ் எக்கோ, வேறு சமாச்சாரம். ஸ்ட்ரெய்ன் என்பது இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்கிற அளவு. நாலாவதாகப் பேசிய இடம் இது. ரிசப்ஷனில் இருந்த பெண் "கீமோ பேஷண்டுங்களா? ஜி.எல்.எஸ்தானே? காலையில வந்துடுங்க, அந்த நேரத்துல கூட்டம் கம்மி. அம்மாவுக்கு இன்ஃபெக்‌ஷன் பயம் இருக்கும்ல" என்றார். ஜி.எல்.எஸ் என்பது அந்த ஸ்ட்ரெய்ன் அளவுக்குத்தான் பெயர். பாதி மார்க்கை அங்கேயே கொடுத்துவிட்டேன்.

முதல் தடவை போனது ஆடிப் பண்டிகைச் சமயம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே இறங்கினார். அஸ்தம்பட்டி வரைக்கும் சிக்கல் இல்லை. அதற்கப்புறம் கோட்டை மாரியம்மன் கூட்டத்தால் வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். அரை மணி தாமதமாகத்தான் போனோம். ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை.

ஹாலில் எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருக்கிற அந்த போர்டு: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. 1994-ல் வந்த சட்டம். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கு என்ன பிள்ளைன்னு சொல்ல மாட்டாங்களாம் கண்ணு" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அடித்த முதல் நக்கல் அது.

உள்ளே எக்கோவுக்கென்றே உள்ள கட்டில். இடது பக்கம் மெத்தையில் ஒரு துண்டு மட்டும் கீழே இறங்கும். ஒருக்களித்துப் படுத்தால் மார்புக்கும் மெத்தைக்கும் நடுவே கருவியை நுழைக்க அந்தச் சந்து. சாதாரணக் கட்டிலில் படுக்கவைத்து எடுத்தால் இதயத்தின் நுனி சரியாக மாட்டாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நெஞ்சில் மூன்று ஈ.சி.ஜி ஒட்டுகள். எடுத்தவர் ஒரு பெண் டெக்னீஷியன், முப்பது வயது இருக்கும். அம்மாவின் தழும்பு இன்னும் சிவந்து இருந்தது. கருவி வைக்கவேண்டிய இடமோ அதற்கு நேர் கீழே. அந்தப் பெண் ஜெல்லியை நேராக நெஞ்சில் பிழியவில்லை. தன் உள்ளங்கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பொத்திவைத்திருந்துவிட்டு, "அம்மா, இங்க வைக்கட்டுமா? வலிச்சா கையைத் தூக்குங்க, பேச வேண்டாம்" என்றார். நடுவில் அம்மா இரண்டு தடவை கையைத் தூக்கினார். இரண்டு தடவையும் கருவியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

இந்த ஜெல்லி எதற்கென்று நான் கேட்டேன். எனக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. காதுக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதை வைத்துத்தான் படம் வருகிறதாம். நடுவில் மயிரிழை காற்று இருந்தாலும் சத்தம் அங்கேயே திரும்பிவிடும். அதனால்தான் நுரையீரல் குறுக்கே வரும்போது மூச்சை விட்டு அப்படியே நிறுத்தச் சொல்கிறார்கள். எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. மூணு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கிறோமே என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய நிம்மதி.

துணைக்கு வந்திருந்த என் மாமா உருக்காலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. "இரும்புக்குள்ள விரிசல் இருக்கான்னு பார்க்கறதும் இதே டெக்னிக்தான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால் கதையே அங்கிருந்துதான் ஆரம்பம். 1953-ல் ஸ்வீடனில் லுண்ட் என்கிற ஊரில் எட்லர் என்ற இதய டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும், மால்மோவில் கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறை பார்க்க வைத்திருந்த கருவியை இரவல் வாங்கித்தான் முதன்முதலில் இதயத்தின் அசைவைப் பார்த்திருக்கிறார்கள். மாமாவிடம் சொன்னதும் மீசையைத் தடவிக்கொண்டார். அன்று முழுக்க அவர் பேச்சுத்தான்.

முதல் ரிப்போர்ட்: ஈ.எஃப் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் அளவு) 64 சதவீதம், ஜி.எல்.எஸ் மைனஸ் 20.4. இந்த இரண்டு எண்ணையும் டைரியில் எழுதிவைத்தேன். முதல் தடவை வந்த எண்கள்தான் மூலதனம். அப்புறம் வருவதையெல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

இப்போது அந்த வேறு இடத்துக் கதை. பெயர் வேண்டாம். ஐப்பசி கடைசியில் சிவப்பு மருந்து முடிந்து ஊசி ஆரம்பிக்கிற வாரம். அடைமழை, மலைப்பாதையில் பத்தடி முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத பனி. இந்த சென்டரில் கேட்ட தேதி கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறதே, எக்கோ எக்கோதானே என்று அங்கே எடுத்துவிட்டேன். சாதாரணக் கட்டில், ஐந்து நிமிஷம், முடிந்தது. எடுத்தவர் பாதி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டில் ஈ.எஃப் 51. ஸ்ட்ரெய்ன் கட்டமே இல்லை.

64-லிருந்து 51. கேன்சர் டாக்டர் பார்த்துவிட்டு ஊசியை நிறுத்திவைத்தார். "10-க்கு மேல குறைஞ்சிருக்கு, 50-ஐத் தொட்டுட்டு நிக்குது. உறுதிப்படுத்தாம நான் போட மாட்டேன்." அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் படபடன்னு இல்லியே, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க" என்றார்.

மூன்றாம் நாள் இந்த சென்டரில் கெஞ்சி இடம் வாங்கி மறுபடி எடுத்தோம். அதே பெண், அதே மிஷின், இருபத்தைந்து நிமிஷம். ஈ.எஃப் 61. ஜி.எல்.எஸ் மைனஸ் 19.5.

பத்து பாயிண்ட் எப்படி மாறும் என்று இதய டாக்டரிடம் கேட்டேன். கடைசியில் அவரே வந்து கருவியை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார், அதையும் சொல்லவேண்டும். 51 என்று வந்த அந்த வேறு இடத்து ரிப்போர்ட்டைப் புரட்டினார். "இது ஒரே கோட்டுல அளந்தது. அறையோட அகலத்தை ஒரு இடத்துல பார்த்து, மிச்சத்தை ஃபார்முலா போட்டுக்கறது. கோடு கொஞ்சம் சாய்ஞ்சா கணக்கு எங்கேயோ போயிடும்." நான் உடனே புரிந்துகொண்டேன். மூட்டையில் ஒரே ஒரு இடத்தில் குத்தூசி போட்டு எடுத்த நாலு கொட்டையைப் பார்த்துவிட்டு மூட்டை முழுக்க இப்படித்தான் என்று விலை பேசுகிற வியாபாரி எங்களுக்கும் உண்டு. இங்கே செய்வது வேறு. இதயத்தை இரண்டு பக்கத்திலிருந்து நீளவாக்கில் படம் பிடித்து, உள்சுவரைக் கோடு வரைந்து, மிஷின் அதைக் கேரட் நறுக்குவது போல இருபது வட்டமாக வெட்டிக் கூட்டுகிறது. விரிந்தபோது எவ்வளவு, சுருங்கியபோது எவ்வளவு. உள்ளே வந்த ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளியது என்பதுதான் ஈ.எஃப். நூறு வராது, வரவும் கூடாது. பெண்களுக்கு 54-லிருந்து 74 வரை இருந்தால் சரி. "60 தான் வந்திருக்கு, பரீட்சையில ஃபர்ஸ்ட் கிளாஸ்தானா?" என்று கவலைப்படுகிற என் தம்பி போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்படி நன்றாக எடுத்தாலும் ஈ.எஃப் ஒரு நாளைக்கும் இன்னொரு நாளைக்கும் சில பாயிண்ட் ஆடும் என்றார் அவர். ஆள் மாறினால் இன்னும் ஆடும். எங்கள் கடையில் ஒரே டிரம், ஒரே கொட்டை. நான் வறுத்தால் ஒரு நிறம், பையன் வறுத்தால் ஒரு நிறம். அதே கதைதான். ஸ்ட்ரெய்ன் அளவும் மிஷின் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறுமாம். ஆகவே கீமோ பேஷண்டுகளைக் கூட்டிப்போகிறவர்கள் முதல் எக்கோ எங்கே எடுத்தீர்களோ அங்கேயே கடைசி வரை எடுங்கள். முடிந்தால் அதே மிஷினில், அதே ஆளிடம். நான் 1,500 ரூபாயும் மூன்று நாள் தூக்கமும் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

மூன்றாவது தடவை மாசியில். கடையில் புதுக் கொட்டை வந்து குவிந்திருந்த நேரம், அரை மனசோடு கடையைப் பூட்டிவிட்டு இறங்கினேன். ஊசி ஆரம்பித்து மூன்று மாதம். இந்தத் தடவைதான் அந்த ஸ்ட்ரெய்ன் எதற்கென்று விளங்கியது.

படத்தில் இதயத் தசை ஒரே சாம்பல் நிறமாகத் தெரியாது, பொரிபொரியாகப் புள்ளிகள் தெரியும். மிஷின் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்கிறது; இந்த நொடியில் இங்கே இருந்தது, அடுத்த நொடியில் எங்கே போனது என்று. இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள தூரம் எத்தனை சதவீதம் சுருங்கியது என்பதுதான் ஸ்ட்ரெய்ன். நீளம் குறைவதால் மைனஸ் போடுகிறார்கள். மைனஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஈ.எஃப் என்பது மொத்த அறையின் வரவு செலவு. ஒரு பக்கத் தசை சோர்ந்தாலும் மற்றது இழுத்துப் பிடித்து ஈ.எஃப்பைக் காப்பாற்றிவிடும். தசையின் சோர்வு முதலில் தெரிவது ஸ்ட்ரெய்னில்.

கடைசியில் ஒரு வட்டப் படம் வரும். நடுவில் ஒரு வட்டம், சுற்றி வளையம் வளையமாகக் கட்டங்கள், மொத்தம் 17. நன்றாகச் சுருங்குகிற கட்டம் நல்ல சிவப்பு, சோர்ந்தது வெளிர் ரோஜா. முதல் தடவை அம்மாவுக்கு அதைத் திருப்பிக் காட்டியபோது முழுக்கச் சிவப்பு. "மருதாணி வெச்ச கை மாதிரி இருக்கு பாப்பா" என்றார். மாசியில் அதே வட்டத்தில் மேல்பக்கம் மூன்று நாலு கட்டம் வெளுத்திருந்தது. அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. அம்மாவே கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இங்கெல்லாம் சரியாப் பிடிக்கல போலிருக்கே" என்றார்.

ஈ.எஃப் 58. இதை மட்டும் பார்த்தால் நார்மல் என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். ஜி.எல்.எஸ் மைனஸ் 16.8. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து செல்போனில் கணக்குப் போட்டேன். முதல் அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் கவனிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 20.4-ல் 15 சதவீதம் கழித்தால் 17.3. அதற்கும் கீழே போய்விட்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஆனால் இந்தத் தடவை யாரும் ஊசியை நிறுத்தவில்லை. இதய டாக்டரே கேன்சர் டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். நாங்கள் பேருந்தில் ஏறும் முன்பே இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். இதயத்துக்கு இரண்டு மாத்திரை: ராமிப்ரில் ஒன்று, கார்வெடிலால் ஒன்று, சின்ன டோஸில். ஊசி தொடரட்டும், அடுத்த எக்கோ வரை கால் வீக்கம், மூச்சுவாங்கல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். இது அம்மாவுக்குச் செய்தது. உங்கள் வீட்டில் இருப்பவருக்கு என்ன மாத்திரை என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்கவேண்டும்.

இனி குறைகள். இருக்கின்றன.

விலை. எக்கோ 1,800, ஸ்ட்ரெய்னோடு சேர்த்து 2,800. காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது. நாலு தடவைக்கு 11,200 ரூபாய், பஸ் செலவு தனி. முடியாதவர்கள் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரி இதயப் பிரிவில் விசாரித்துப் பாருங்கள். கூட்டம் இருக்கும், ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு போகவேண்டும்.

கழிப்பறை. எக்கோ முதல் மாடியில், கழிப்பறை தரைத்தளத்தில் பார்க்கிங்குக்குப் பின்னால். கீமோ எடுத்த உடம்பு, மலையிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த வயதானவர், படியிறங்கிப் படியேற வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, இரண்டு தடவை வேலை செய்தது. நெஞ்சு நோயாளிகள் வருகிற இடத்தில் இது என்ன கணக்கு என்று புகார்ப் புத்தகத்திலேயே எழுதினேன். நல்ல பேனாவாகக் கொடுத்தார்கள்.

ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். "நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ" என்று ஒரு வரி இருந்தது. என்னமோ ஏதோ என்று மாமா பதறிவிட்டார். இதயச் சுவரில் எந்தப் பகுதியும் அசைவு குறையவில்லை என்று அர்த்தம், நல்ல செய்திதான். "கிரேட் 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்க்‌ஷன்" என்று இன்னொன்று. தசை விரிந்து தளர்வது வயதாவதால் கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது, அறுபது தாண்டிய பல பேருக்கு வருகிற வரி இது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். கீழே தமிழில் நாலு வரி அச்சடித்தால் குடியா முழுகிவிடும்?

வீடியோவைத் தானாகத் தரமாட்டார்கள். கேட்டால் தருகிறார்கள். பென்டிரைவ் நீங்கள் கொண்டுபோங்கள். பேப்பர் ரிப்போர்ட்டைவிட இதுதான் முக்கியம். வேறு டாக்டர் பார்க்கவேண்டி வந்தால் எண்ணை நம்பவேண்டியதில்லை, இதயம் துடிப்பதையே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு விஷயம். வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. அம்மாவை முதல் தடவை பட்டினியாகக் கூட்டிப்போய்த் திட்டு வாங்கினேன். முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட்டோ நைட்டியோ போட்டுவிடுங்கள்.

நாலாவது தடவை போன வாரம். கோடை விழாவுக்கு வந்த கார்கள் மலைப்பாதையை அடைத்துக்கொண்டிருந்ததால் விடிகாலை ஐந்தரைக்கே கிளம்பினோம். மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம். அதே பெண், அதே கட்டில். இந்தத் தடவை அம்மா ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை, தழும்பு நன்றாக வெளுத்துவிட்டது. ஈ.எஃப் 60. ஜி.எல்.எஸ் மைனஸ் 18.7. அந்தப் பெண் கேட்காமலே திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"மருதாணி பிடிச்சிருக்கா பாப்பா?"

"முக்கால்வாசி பிடிச்சிருக்கும்மா. இந்த ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு."

"ஓரம் பரவால்ல, யாரு பாக்கப் போறா" என்று சொல்லிவிட்டு அம்மா ஜெல்லியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கீழே வந்ததும் தட்டுவடை செட் வேண்டும் என்றார். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? பச்சைக் கேரட்டும் பீட்ரூட்டும் வெளியில் சாப்பிடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "அப்ப காய் போடாம வெறும் சட்னி தடவித் தரச் சொல்லு, சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டே போலாம்" என்றார். இருந்துவிட்டுத்தான் வந்தோம்.

லிஃப்ட்டுக்கும் கழிப்பறைக்கும் சேர்த்து ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன். அடுத்த எக்கோ ஆவணியில். அதற்குள் மேல்மாடியில் கழிப்பறை கட்டினால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.